ஆவணப்படங்கள் மக்களைச் சென்றடையும் வழிகள்

அறிமுகம்

ஆவணப்படம் எடுப்பது ஒரு வேலை. எடுத்த படத்தை மக்களிடம் கொண்டு சேர்ப்பது அதைவிடப் பெரிய வேலை. கதைப்படம் என்றால் தயாரிப்பாளர், விநியோகஸ்தர், திரையரங்கு உரிமையாளர் என்று நூறாண்டாகப் பழகிய ஒரு பாதை இருக்கிறது. ஆவணப்படத்துக்கு அப்படி ஒரே பாதை கிடையாது. அது திரைப்பட விழா, திரையரங்கு, தொலைக்காட்சி, வீட்டிலுள்ள கைப்பேசி, ஊர்ப் பொதுத்திடல் எனப் பல வாசல்களைத் தட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

திருநெல்வேலியிலிருந்து சங்கரன்கோவில் செல்லும் சாலையில் உள்ள பனவடலிசத்திரம் போன்ற ஊரில் இருப்பவருக்கு இதில் ஒரு கூடுதல் கேள்வியும் உண்டு. சிவகாசித் தீப்பெட்டித் தொழில், தாமிரபரணி, கூடங்குளம், துப்புரவுத் தொழிலாளர் வாழ்க்கை என நம் பகுதியைப் பற்றியும் நம்மைப் போன்றோரைப் பற்றியும் பல படங்கள் வந்துள்ளன. அவற்றை உலகத்தின் பல நகரங்களில் பார்த்திருக்கிறார்கள். நம் ஊரில் எத்தனை பேர் பார்த்தோம்? இந்தக் கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வழியும் எப்படி இயங்குகிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

ஆவணப்படம் என்பது என்ன?

உண்மை மனிதர்கள், உண்மை இடங்கள், உண்மை நிகழ்வுகள் ஆகியவற்றைக் கொண்டு உருவாகும் படமே ஆவணப்படம். இலங்கைத் தமிழில் இதை விவரணப்படம் என்பர். நாள்தோறும் நடப்பவற்றைச் சொல்லும் செய்திப்படம் இதிலிருந்து வேறுபட்டது. குறும்படம் என்பது நீளத்தைக் குறிக்கும் சொல். குறும்படம் கதையாகவும் இருக்கலாம், ஆவணமாகவும் இருக்கலாம். மாணவர்கள் இவ்விரண்டையும் அடிக்கடி ஒன்றாகக் கருதிவிடுகின்றனர்.

ராபர்ட் பிளாகர்ட்டி 1922-இல் வெளியிட்ட 'நானூக் ஆஃப் தி நார்த்' இவ்வகைப் படங்களில் முன்னோடியாகக் கருதப்படுகிறது. 1926-இல் அவருடைய 'மோனா' படத்துக்கு மதிப்புரை எழுதிய ஜான் கிரியர்சன்தான் ஆவணம் என்ற பொருள் தரும் ஆங்கிலச் சொல்லை இப்படங்களுக்குப் பரவலாக்கினார். நானூக் படத்தின் சில காட்சிகள் கேமராவுக்காக ஏற்பாடு செய்யப்பட்டவை என்பது பின்னர் தெரியவந்தது. ஆகவே ஆவணப்படத்தில் வருவதெல்லாம் அப்படியே உண்மை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. எதைக் காட்டுவது, எதை வெட்டுவது, யாரைப் பேசவிடுவது என்று ஒருவர் முடிவு செய்திருக்கிறார். பார்ப்பவர் இதை மறக்கக் கூடாது.

தமிழில் முதல் பெரும் முயற்சி: காந்தி படம்

தமிழில் ஆவணப்பட வரலாறு ஏ.கே. செட்டியாரிடமிருந்து தொடங்குகிறது. செட்டிநாட்டுக் கோட்டையூரைச் சேர்ந்த இவர் பயண நூல்களாலும் 'குமரி மலர்' இதழாலும் அறியப்பட்டவர். 1937 அக்டோபரில் நியூயார்க்கிலிருந்து அயர்லாந்து நோக்கிக் கப்பலில் சென்றபோது காந்தியைப் பற்றி ஒரு படம் தயாரிக்க வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு உண்டானது. அப்போது அவருக்கு வயது முப்பதுகூட ஆகவில்லை.

பல நாடுகளுக்குச் சென்று, காந்தியைப் பலர் பல காலங்களில் எடுத்து வைத்திருந்த படச்சுருள்களைத் தேடிச் சேகரித்தார். சேர்ந்த சுருளின் நீளம் சுமார் 50,000 அடி. 35 மில்லிமீட்டர் படச்சுருள் ஒரு நிமிடத்துக்கு 90 அடி ஓடும் என்று கணக்கிட்டால், அது ஒன்பது மணி நேரத்துக்கும் மேல் ஓடக்கூடியது. அதிலிருந்து தொகுத்த படம் தமிழ் விளக்கவுரையுடன் 1940 ஆகஸ்டில் சென்னையில் வெளியானது. தெலுங்கு வடிவமும் வந்தது. ஆங்கிலேயர் ஆட்சி நடந்த காலம், உலகப் போர் மூண்டிருந்த நேரம் என்பதை நினைத்தால் இதன் துணிவு விளங்கும். நாடு விடுதலை பெற்றபோது இந்தி வடிவம் டில்லியில் காட்டப்பட்டது. 1953-இல் ஹாலிவுட்டில் ஆங்கில வடிவம் உருவானது.

பின்னாளில் தமிழ் மூலப்படம் கிடைக்காமல் போயிற்று. வரலாற்றாசிரியர் ஆ.இரா. வேங்கடாசலபதி தேடிக் கண்டறிந்தது அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் இருந்த ஆங்கில வடிவத்தின் படியைத்தான். தமிழர் ஒருவர் தமிழில் எடுத்த படத்தின் ஆங்கில வடிவம் அயல்நாட்டில் தப்பியிருக்க, தமிழ் வடிவம் இங்கே தொலைந்திருக்கிறது. ஒரு முறை வெளியிட்டுவிட்டால் போதாது, படம் தொடர்ந்து பார்க்கக் கிடைக்க வேண்டும் என்பதற்கு இது எடுத்துக்காட்டு.

பிலிம்ஸ் டிவிஷன் காலம்

இந்திய அரசு 1948-இல் பிலிம்ஸ் டிவிஷன் என்ற நிறுவனத்தை அமைத்தது. ஒவ்வொரு காட்சியிலும் அரசு அங்கீகரித்த செய்திப்படத்தையோ ஆவணப்படத்தையோ காட்டியாக வேண்டும் என்பது திரையரங்கு உரிமத்தின் நிபந்தனை. இப்படங்கள் தமிழ் உட்படப் பல மொழிகளில் விளக்கவுரை சேர்த்து அனுப்பப்பட்டன. வசூலில் ஒரு சிறு விழுக்காட்டைத் திரையரங்குகள் வாடகையாகக் கட்டின.

அறுபது வயதைக் கடந்தவர்களுக்கு இது நன்றாக நினைவிருக்கும். எம்.ஜி.ஆர். படமோ சிவாஜி படமோ தொடங்குமுன் 'நியூஸ் ரீல்' ஓடும். வெள்ள நிவாரணம், அணை திறப்பு விழா, தலைவர்களின் வெளிநாட்டுப் பயணம் ஆகியவை அதில் வரும். அதைத் தவிர்ப்பதற்காகவே தாமதமாக உள்ளே நுழைந்தவர்களும் உண்டு. ஆனாலும் டூரிங் டாக்கீஸ் மட்டுமே இருந்த சிற்றூர்களுக்கும் ஆவணப்படம் வந்து சேர்ந்த ஒரே காலம் அதுதான். இந்தக் கட்டாயத்தை எதிர்த்துத் திரையரங்கு உரிமையாளர்கள் தொடுத்த வழக்கில், நிபந்தனை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 1999-இல் தீர்ப்பளித்தது. ஆனால் தொலைக்காட்சி வீடுதோறும் வந்துவிட்ட பிறகு அந்த வழக்கம் நடைமுறையில் தேய்ந்து போயிற்று.

பிலிம்ஸ் டிவிஷன் 8,000-க்கும் மேற்பட்ட படங்களைத் தயாரித்தது. எல்லாமே அரசு விளம்பரம் அல்ல. 1947-இல் பிறந்த இளைஞர்களிடம் இருபது வயதில் நாட்டைப் பற்றிக் கேட்ட எஸ்.என்.எஸ். சாஸ்திரியின் 'ஐ ஆம் 20' போன்ற படங்கள் இன்றும் பேசப்படுகின்றன. 2022-இல் இந்நிறுவனம் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்துடன் இணைக்கப்பட்டது.

முதல் வாசல்: திரைப்பட விழா

இன்று புதிய ஆவணப்படம் ஒன்று பெரும்பாலும் முதலில் திரைப்பட விழாவுக்கே செல்கிறது. இயக்குநர் இணையம் வழியே படத்தை அனுப்புவார். பல விழாக்களில் நுழைவுக் கட்டணம் உண்டு. தேர்வுக் குழு பார்த்து முடிவு செய்யும். ஒரு படத்தின் முதல் திரையிடல் எங்கே நடக்கிறது என்பதற்குத் தனி மதிப்பு இருக்கிறது. உலகிலேயே முதல் திரையிடல் தங்கள் விழாவில்தான் நடக்க வேண்டும் என்று பெரிய விழாக்கள் கேட்கும். இதனால் சில இயக்குநர்கள் பெரிய விழாவின் பதிலுக்காகக் காத்திருந்து, படத்தை மாதக்கணக்கில் வேறெங்கும் காட்டாமல் வைத்திருப்பார்கள்.

ஆம்ஸ்டர்டாம் (1988 முதல்), ஜப்பானின் யமகாட்டா (1989 முதல்), கனடாவின் ஹாட் டாக்ஸ் ஆகியவை ஆவணப்படத்துக்கென்றே நடக்கும் பெரிய விழாக்கள். அமெரிக்காவின் சன்டான்ஸ், பிரான்சின் கான் ஆகிய விழாக்களிலும் ஆவணப்படங்களுக்கு இடம் உண்டு.

இந்தியாவில் மும்பை சர்வதேசத் திரைப்பட விழா 1990-இல் தொடங்கியது. ஆவணப்படம், குறும்படம், அசைவூட்டப் படம் ஆகியவற்றுக்காக இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கிறது. கேரள மாநிலச் சலச்சித்திர அகாதமி 2008 முதல் திருவனந்தபுரத்தில் ஆவணப்பட, குறும்பட விழாவை நடத்தி வருகிறது. தென்காசி மாவட்டத்தார்க்குச் சென்னையைவிட அருகில் உள்ள பெரிய விழா இதுவே. செங்கோட்டை, புனலூர் வழியாகப் போய்விடலாம். மதுரையில் 'மறுபக்கம்' அமைப்பு 1998 முதல் ஆவணப்பட, குறும்பட விழாவை நடத்தி வருகிறது. இதைத் தொடங்கிய ஆர்.பி. அமுதன் தாமே ஆவணப்பட இயக்குநர். பெரிய நிறுவனங்களின் பணத்தை நம்பாமல் கல்லூரிகளிலும் சிறு அரங்குகளிலும் படம் காட்டும் முறையை அவ்விழா பின்பற்றியது.

விழாவில் பரிசு பெறுவதால் என்ன கிடைக்கும்? பணத்தைவிட முக்கியமானது அறிமுகம். தொலைக்காட்சியினரும், ஓடிடி தளத்தினரும், விநியோகஸ்தரும் படத்தைப் பார்ப்பது அங்கேதான். டில்லியில் காயம்பட்ட பருந்துகளைக் காப்பாற்றும் சகோதரர்களைப் பற்றி ஷௌனக் சென் இயக்கிய 'ஆல் தட் பிரீத்ஸ்' 2022 ஜனவரியில் சன்டான்ஸில் உலக ஆவணப்பட நடுவர் பரிசு பெற்றது. அதே ஆண்டு மே மாதம் கானில் ஆவணப்படத்துக்கான 'தங்கக் கண்' விருது பெற்றது. பின்னர் அமெரிக்கத் திரையரங்குகளில் வெளியாகி, 2023-இல் எச்.பி.ஓ. தொலைக்காட்சிக்கு வந்து, ஆஸ்கர் இறுதிப் பட்டியலிலும் இடம்பெற்றது. விழா, திரையரங்கு, தொலைக்காட்சி, வீடு என்ற வரிசை எப்படி நகர்கிறது என்பதற்கு இது நல்ல உதாரணம்.

இடையில் உள்ள கதவு: தணிக்கைச் சான்றிதழ்

இந்தியாவில் பொதுமக்களுக்குத் திரையிடும் எந்தப் படத்துக்கும் 1952-ஆம் ஆண்டுத் திரைப்படச் சட்டப்படி சான்றிதழ் வேண்டும். ஆவணப்படத்துக்கு விலக்கு இல்லை. முன் தணிக்கை அரசமைப்புச் சட்டப்படி செல்லுமா என்ற கேள்விக்கு உச்ச நீதிமன்றம் விடையளித்த முதன்மையான வழக்கே ஓர் ஆவணப்படத்தால் வந்ததுதான். சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் ஏழை பணக்காரர் வாழ்க்கையை ஒப்பிட்டுக் கே.ஏ. அப்பாஸ் எடுத்த சிறிய படத்தின் சில காட்சிகளுக்குத் தணிக்கைக் குழு தடை சொன்னது. 1970-இல் வந்த தீர்ப்பில் முன் தணிக்கை செல்லும் என்று நீதிமன்றம் கூறியது. ஆனால் எது கூடும், எது கூடாது என்பதில் தெளிவான நெறிகள் வேண்டும் என்றும் வலியுறுத்தியது.

திரைப்பட விழாக்களுக்கு மத்தியத் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் விலக்கு அளிக்கும். அந்த விலக்கிலும் சிக்கல் வரும். 2004 மும்பை விழாவுக்கு இந்தியப் படங்கள் தணிக்கைச் சான்றிதழுடன் வர வேண்டும் என்று சொல்லப்பட்டபோது, ஆவணப்பட இயக்குநர்கள் நாடு முழுவதும் ஒன்றுதிரண்டு எதிர்த்தனர். 'விகல்ப்' என்ற பெயரில் மாற்று விழாவையே நடத்தினர். 2017 திருவனந்தபுரம் விழாவில் மூன்று படங்களுக்கு விலக்கு மறுக்கப்பட்டது.

தணிக்கைக் குழுவின் முடிவை எதிர்த்து முறையிடத் தனித் தீர்ப்பாயம் ஒன்று இருந்தது. 2021-இல் அது கலைக்கப்பட்டது. இப்போது நேரே உயர் நீதிமன்றத்துக்குத்தான் செல்ல வேண்டும். கையில் பணம் இல்லாத ஆவணப்பட இயக்குநருக்கு இது பெருஞ்சுமை.

இரண்டாம் வாசல்: திரையரங்கு

கதைப்படங்களுக்கு நடுவில் ஆவணப்படம் திரையரங்கைப் பிடிப்பது அரிது. புகழ்பெற்ற மனிதரைப் பற்றிய படம் என்றால் வாய்ப்புக் கூடும். சச்சின் டெண்டுல்கரைப் பற்றிய 'சச்சின்: எ பில்லியன் ட்ரீம்ஸ்' 2017 மே மாதம் தமிழ் உட்படப் பல மொழிகளில் திரையரங்குகளில் ஓடியது. அதே ஆண்டு நவம்பரில், ஆம் ஆத்மி கட்சியின் தொடக்கக் காலத்தைச் சொல்லும் 'ஆன் இன்சிக்னிஃபிகன்ட் மேன்' தணிக்கைச் சிக்கலைத் தீர்ப்பாயத்தின் மூலம் தீர்த்துக்கொண்டு திரைக்கு வந்தது. வெளிநாட்டில் மைக்கேல் மூரின் 'ஃபாரன்ஹீட் 9/11' 2004-இல் கானின் உயரிய தங்கப்பனை விருது பெற்றதுடன், உலகெங்கும் 20 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. ஆவணப்படத்தில் இது அபூர்வம்.

திரையரங்கில் வெளியிட டிஜிட்டல் பிரதி தயாரிக்க வேண்டும். திரையிடும் கருவி நிறுவனத்துக்குக் கட்டணம் கட்ட வேண்டும். விளம்பரம் செய்ய வேண்டும். நடிகர் பெயர் இல்லாத படத்துக்கு இத்தனை செலவையும் ஏற்பவர் குறைவு. ஆகவே பலர் ஒரு நகரில் ஓர் அரங்கில் ஒரு காட்சி என்ற அளவில் சிறப்புத் திரையிடல் செய்து, இயக்குநரும் பார்வையாளரும் கலந்துரையாடும் முறையைக் கைக்கொள்கின்றனர்.

மூன்றாம் வாசல்: தொலைக்காட்சி

தூர்தர்ஷன் ஒன்றே இருந்த நாளில், ஆவணப்படத்துக்கு அது பெரிய வாய்ப்பாக இருந்திருக்க வேண்டும். ஆனால் அரசின் கொள்கையைக் கேள்வி கேட்கும் படங்கள் நீதிமன்றப் படியேறித்தான் தொலைக்காட்சிக்குள் நுழைந்தன. ஆனந்த் பட்வர்த்தன் தம் படங்கள் பலவற்றுக்காக ஆண்டுக்கணக்கில் வழக்காடியவர். தேசிய விருது பெற்ற அவருடைய 'ஃபாதர், சன் அண்ட் ஹோலி வார்' படத்தை ஒளிபரப்புமாறு உச்ச நீதிமன்றம் 2006-இல் உத்தரவிட்டது. படம் வந்ததோ 1990-களின் நடுப்பகுதியில்!

மறுபுறம், 2000-இல் தொடங்கப்பட்ட பொதுச்சேவை ஒலிபரப்பு அறக்கட்டளை சுயேச்சையான இயக்குநர்களுக்கு நிதி தந்து, அவர்களின் படங்களைத் தூர்தர்ஷனில் ஒளிபரப்பச் செய்தது. புதியவர் பலர் இதன்மூலம் அறிமுகமாயினர். தனியார் தமிழ்த் தொலைக்காட்சிகளில் செய்தித் தொகுப்பு நிகழ்ச்சிகள் உண்டு. முழுநீளச் சுயேச்சை ஆவணப்படத்துக்கு நிலையான நேரம் ஒதுக்கும் வழக்கம் இன்னும் வேரூன்றவில்லை. ஐரோப்பாவில் பொதுத் தொலைக்காட்சிகள் படம் எடுக்கும்போதே பணம் போடுகின்றன. பதிலுக்கு ஒளிபரப்பு உரிமையைப் பெறுகின்றன. நம்மவர் படங்கள் சில அந்த நிதியால்தான் உருவாகியுள்ளன.

நான்காம் வாசல்: வீட்டுத் திரை

ஒரு காலத்தில் ஆவணப்படம் வீட்டுக்கு வந்த வழி குறுந்தகடு. புத்தகக் கண்காட்சி, இலக்கியக் கூட்டம், இயக்க மாநாடு ஆகிய இடங்களில் வாங்கிவந்து பார்ப்போம். 1968-இல் 44 பேர் உயிரிழந்த கீழ்வெண்மணிக் கொடுமையைப் பற்றிப் பாரதி கிருஷ்ணகுமார் இயக்கிய 'ராமையாவின் குடிசை' போன்ற படங்கள் கைமாறிக் கைமாறிப் பரவின. இப்போது அந்த இடத்தைக் கைப்பேசி பிடித்துக்கொண்டது. இதில் இரண்டு வகை உண்டு.

ஒன்று, சந்தா கட்டிப் பார்க்கும் ஓடிடி தளம். முதுமலை தெப்பக்காடு முகாமில் தாயை இழந்த யானைக்குட்டியை வளர்த்த பொம்மன், பெள்ளி தம்பதியரைப் பற்றிக் கார்த்திகி கொன்சால்வெஸ் எடுத்த தமிழ் ஆவணப்படம் 'தி எலிபன்ட் விஸ்பரர்ஸ்'. 2022 நவம்பரில் நியூயார்க் ஆவணப்பட விழாவில் காட்டப்பட்டு, டிசம்பரில் நெட்ஃபிளிக்ஸில் வந்தது. 2023 மார்ச்சில் சிறந்த குறும் ஆவணப்படத்துக்கான ஆஸ்கர் விருது பெற்றது. தமிழ் பேசும் எளிய மனிதர்களின் குரல் ஒரே நாளில் பல நாடுகளின் வீடுகளுக்குள் சென்றது. வீரப்பன் பற்றி 2023-இல் இரண்டு தொடர்கள் இரு வேறு தளங்களில் வந்ததும் இவ்வழியில்தான். ஆனால் தளங்கள் குற்றம், பிரபலம், விளையாட்டு ஆகியவற்றையே பெரிதும் விரும்புகின்றன. நூற்பாலை, கண்மாய், கரிசல் மழை என்றால் தயங்குகின்றன.

மற்றொன்று, யூடியூப். யார் வேண்டுமானாலும் ஏற்றலாம், யார் வேண்டுமானாலும் காசில்லாமல் பார்க்கலாம். மனிதக் கழிவை மனிதர் அள்ளும் கொடுமையைப் பற்றித் திவ்யபாரதி இயக்கிய 'கக்கூஸ்' 2017-இல் வந்தது. பல ஊர்களில் திரையிடக் காவல்துறை அனுமதி மறுத்தது. படம் இணையத்தில் ஏற்றப்பட்டது. மண்டபத்தில் நூறு பேர் பார்த்திருக்கக்கூடிய படத்தை இணையத்தில் லட்சக்கணக்கானோர் பார்த்தனர். 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்த வேலை இன்னும் நடக்கிறது என்பதைக் கண்ணால் பார்க்கச் செய்தது அப்படம். இதே பொருளைப் பற்றி அமுதன் 2003-இல் மதுரைத் துப்புரவுப் பெண் தொழிலாளி ஒருவரைப் பின்தொடர்ந்து எடுத்த 'பீ' என்ற சிறிய படமும் மாணவர்கள் பார்க்க வேண்டியது.

யூடியூப்பில் இயக்குநருக்கு வருவாய் மிகக் குறைவு. கடன் வாங்கி எடுத்தவர் கடனை அடைக்க முடியாது. பார்வை கிடைக்கிறது, பிழைப்பு கிடைப்பதில்லை. இதை மறந்து ஆவணப்படம் என்றால் இலவசம் என்று நினைப்பது சரியன்று.

ஓடிடி தளங்களில் வரும் படங்களுக்குத் தணிக்கைச் சான்றிதழ் தேவையில்லை. 2021-ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி தளங்களே வயது வகைப்பாட்டைக் குறிப்பிட வேண்டும்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். ஆவணப்படத்தில் பிறர் எடுத்த காட்சியையோ பாட்டையோ சேர்க்க உரிமையாளரின் அனுமதி வேண்டும். 2024 நவம்பரில் நடிகை நயன்தாராவைப் பற்றிய ஆவணப்படத்தில் 'நானும் ரௌடிதான்' படப்பிடிப்பின்போது எடுத்த மூன்று விநாடிக் காட்சி சேர்க்கப்பட்டதற்கு, தயாரிப்பாளர் தனுஷ் தரப்பு 10 கோடி ரூபாய் கேட்டதும், வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் சென்றதும் நாளிதழ் படிப்போர் அறிந்ததே. படம் எடுக்க விரும்பும் மாணவர்கள் இதை முதலிலேயே தெரிந்துகொள்ள வேண்டும்.

ஐந்தாம் வாசல்: ஊர்த் திரையிடல்

மேற்கண்ட நான்கும் கைகொடுக்காதபோது தமிழ்நாட்டில் ஆவணப்படத்தைக் காப்பாற்றியது திரைப்பட இயக்கங்களும் ஊர்த் திரையிடல்களுமே. ஒரு புரொஜக்டர், வெள்ளை வேட்டியோ திரைத்துணியோ, ஒலிபெருக்கி இருந்தால் போதும். திருநெல்வேலியில் காஞ்சனை திரைப்பட இயக்கம் இப்பணியைச் செய்தது. அதை நடத்திய ஆர்.ஆர். சீனிவாசன், 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர் ஊர்வலத்தில் 17 பேர் தாமிரபரணியில் உயிரிழந்த நிகழ்வைப் பற்றி 'நதியின் மரணம்' என்ற ஆவணப்படத்தை எடுத்தார். தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கமும் பல ஊர்களில் திரையிடல்கள் நடத்தியுள்ளது.

நம் அண்டைப் பகுதியைப் பற்றிய வேறு படங்களும் உண்டு. சிவகாசிப் பகுதித் தீப்பெட்டி, பட்டாசுத் தொழிலில் இருந்த குழந்தைகளைப் பற்றிச் சலம் பென்னூர்கர் 1990-இல் 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' எடுத்தார். அமுதனின் 'கதிர்வீச்சுக் கதைகள்' வரிசை மணவாளக்குறிச்சி, கல்பாக்கம், கூடங்குளம் ஆகிய ஊர்களைப் பேசுகிறது. தென்தமிழகத்து முஸ்லிம் பெண்கள் தாங்களே ஜமாஅத் அமைத்து நீதி கேட்டதைத் தீபா தன்ராஜ் 2011-இல் 'இன்வோக்கிங் ஜஸ்டிஸ்' படத்தில் பதிவு செய்தார்.

படம் யாரைப் பற்றியதோ அவர்கள்

ஒரு படம் உலகம் சுற்றிவிட்டு, அது பேசும் ஊருக்கு மட்டும் வராமல் போவதுண்டு. இலங்கைப் போரைப் பற்றி ஜூட் ரட்ணம் இயக்கிய 'டெமன்ஸ் இன் பாரடைஸ்' 2017 மே மாதம் கான் விழாவில் காட்டப்பட்டது. அதே ஆண்டு யாழ்ப்பாணத் திரைப்பட விழாவில் எதிர்ப்புக் காரணமாக அதன் திரையிடல் கைவிடப்பட்டது. படத்தின் பார்வையை ஏற்கலாம், மறுக்கலாம். ஆனால் பார்த்தால்தானே ஏற்கவோ மறுக்கவோ முடியும்?

மற்றொரு கேள்வி நன்மை யாருக்கு என்பது. யானைப் படம் ஆஸ்கர் பெற்றபின், தெப்பக்காடு, கோழிகமுத்தி முகாம்களைச் சேர்ந்த 91 பணியாளர்களுக்குத் தலா ஒரு லட்சம் ரூபாயும், இயக்குநருக்கு ஒரு கோடி ரூபாயும் தமிழ்நாடு அரசு அறிவித்தது. 2023 ஆகஸ்டில் பொம்மன் தம்பதியர் தரப்பிலிருந்து தங்களுக்குச் சொன்னபடி உதவி வரவில்லை என்று வக்கீல் நோட்டீஸ் சென்றதாகச் செய்தி வந்தது. தயாரிப்புத் தரப்பு அதை மறுத்தது. எது சரி என்பதைத் தீர்ப்பது நம் வேலையன்று. ஆனால் ஓர் எளிய குடும்பத்தின் வாழ்க்கையைப் படமாக்குவோர், என்ன எடுக்கிறோம், எங்கே காட்டுவோம், என்ன தருவோம் என்பதை அவர்களுக்குப் புரியும் மொழியில் முன்பே சொல்லி எழுதிக்கொள்வது நல்லது. முடித்த படத்தை முதலில் அவர்களுக்கே காட்டுவது அதைவிட நல்லது.

பள்ளியிலும் ஊரிலும் திரையிட விரும்புவோர்க்கு

1. பள்ளி, கல்லூரிக்குள் மாணவர், ஆசிரியர், பெற்றோர் மட்டும் பார்க்கும்படி படம் காட்டுவது பதிப்புரிமை மீறல் ஆகாது என்று பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு கூறுகிறது. இருந்தாலும் இயக்குநரிடம் ஒரு வார்த்தை கேட்பது மரியாதை. பெரும்பாலானோர் மகிழ்ச்சியோடு சம்மதிப்பர்.

2. பொது இடத்தில் காட்டுவதென்றால் இயக்குநரின் எழுத்து மூல அனுமதி, படத்தின் சான்றிதழ் நிலை, உள்ளூர் அனுமதி ஆகியவற்றை முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும்.

3. தமிழ்நாடு அரசுப் பள்ளிகளில் 2022 முதல் சிறார் திரைப்படங்கள் மாதந்தோறும் காட்டப்படுகின்றன. அதற்கு வைத்திருக்கும் கருவிகளே ஆவணப்படத்துக்கும் போதும்.

4. முதலில் அரை மணி நேரத்துக்கு உட்பட்ட படத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அயல்மொழிப் படமானால் ஓர் ஆசிரியர் இடையிடையே நிறுத்தி விளக்கலாம். ஆங்கில எழுத்தை வேகமாகப் படிக்க எல்லா மாணவராலும் இயலாது.

5. ஆசிரியர் முன்னதாகவே முழுப்படத்தையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். மாணவரின் வயதுக்கு ஏற்றதா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும்.

6. படம் முடிந்ததும் உடனே கலைந்துவிடாமல் மூன்று கேள்விகளையாவது கேட்கலாம். இதில் யார் பேசினார்கள்? யார் பேசவில்லை? நம் ஊரில் இதுபோல் என்ன நடக்கிறது? மூன்றாவது கேள்விக்கு விடை சொல்லும்போதுதான் பிள்ளைகள் வாய் திறப்பார்கள். தாய் தந்தை செய்யும் வேலையைப் பற்றி வகுப்பில் பேசக் கூசும் பிள்ளையும் அப்போது பேசும். ஆசிரியப் பணியில் இருந்த எவரும் இதை அறிவர்.

முடிவுரை

கட்டாயமாகத் திரையரங்கில் காட்டிய காலத்தில் படம் ஊருக்கு வந்தது, ஆனால் அதைத் தேர்ந்தெடுக்கும் உரிமை நமக்கு இல்லை. இன்று தேர்ந்தெடுக்கும் உரிமை கையில் இருக்கிறது, தேடினால்தான் படம் வரும். விழா படத்துக்கு மதிப்பைத் தருகிறது. திரையரங்கு கூட்டத்தோடு பார்க்கும் அனுபவத்தைத் தருகிறது. தொலைக்காட்சி பரவலைத் தருகிறது. வீட்டுத் திரை வசதியைத் தருகிறது. ஊர்த் திரையிடலில் பேச்சும் விவாதமும் பிறக்கின்றன. ஒரு படம் முழுமையாக மக்களைச் சேர இவ்வைந்தும் வேண்டும்.

சங்கரன்கோவில் பக்கத்து விசைத்தறி ஓசையும், தேவர்குளம் பக்கத்துக் காற்றாலைகளும், மழையை நம்பிய மானாவாரி நிலமும், ஆடித்தபசுக் கூட்டமும் இன்னும் போதிய அளவு படமாக்கப்படவில்லை. இன்றைய மாணவர் கையிலுள்ள கைப்பேசியின் கேமரா, ஏ.கே. செட்டியார் காலத்துக் கருவிகள் பலவற்றைவிடத் திறமையானது. பொறுமையும் நேர்மையும் கேட்டுக்கொள்ளும் காதும் அதோடு சேர்ந்தால் போதும். எடுத்த படத்தை எடுத்த ஊரிலேயே முதலில் காட்டுங்கள். அதன்பின் விழாவுக்கு அனுப்பலாம்.